வெள்ளைக் கோல்

ஆல்டர்பி மாளிகை,
7 பிப்ரவரி 1757

அன்புள்ள லயனல்,

நலம் என்று எழுதிப் பழகிய கை. இன்று எழுத வரவில்லை. நம் லெட்டிஸுக்குப் பெரியம்மை. நேற்று முகத்தில் கொப்புளம் கிளம்பிவிட்டது. "அப்பா எங்கம்மா?" என்றாள். "லண்டன்ல, ராஜாவுக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிறாரு" என்றேன். "ஏன், ராஜாவுக்குத் தானா போட்டுக்கத் தெரியாதா?" என்று சிரிக்கப் பார்த்தாள். ஏழு வயதுக்கு என்ன வாய்!

மன்னரின் படுக்கையறைப் பிரபு ஆனதிலிருந்து இந்த வீட்டுக்கு நீங்கள் விருந்தாளிதான். அந்தச் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். உடனே கிளம்பி வாருங்கள்.

உங்கள் ஹெஸ்டர்

லண்டன்,
10 பிப்ரவரி

கண்ணே ஹெஸ்டர்,

உன் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிட்டேன். அந்த நோயின் பெயரை இனி எழுதாதே. அம்மை கண்ட வீட்டில் கால் வைத்தவன் ஆறு வாரம் அரண்மனைக்குள் நுழையக் கூடாது. வரும் வியாழக்கிழமை மன்னர் எனக்கு வெள்ளைக் கோல் தரப்போகிறார். அரண்மனை நிர்வாகம் முழுவதும் என் கையில்! இதற்காகத்தானே இத்தனை வருடம் கால் கடுக்க நின்றேன்?

அந்தப் பதவிக்குக் காத்திருக்கும் வெக்ஸ்கம் பிரபு மோப்பம் பிடிக்கிறான். "என்ன, முகம் வாடியிருக்கு? வீட்ல யாருக்காச்சும் உடம்பு முடியலையா?" என்றான். "பொண்டாட்டிக்குப் பல்வலி" என்று சமாளித்தேன்.

துக்கம் காக்கிறவனையும் பதவியேற்க விடமாட்டார்கள். அப்படி எதுவும் ஆகாது. வியாழன் முடியட்டும், பறந்து வருகிறேன்.

உன் லயனல்

ஆல்டர்பி மாளிகை,
13 பிப்ரவரி

அன்புள்ள லயனல்,

என் பல்வலி தேவலை. லெட்டிஸுக்கு இப்போது காய்ச்சல் இல்லை, அழுகையும் இல்லை. கவலைப்படாமல் கோலை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெஸ்டர்

லண்டன்,
17 பிப்ரவரி

என் உயிரே,

கோல் என் கையில்! மண்டியிட்டு மன்னரின் கையை முத்தமிட்டேன். வெக்ஸ்கம் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆறு வார விடுப்பும் வாங்கிவிட்டேன். "பல்வலிக்கு ஆறு வாரமா?" என்று எல்லோரும் ஒரே கேலி.

லெட்டிஸுக்குப் பட்டு கவுன் போட்ட பொம்மை வாங்கியிருக்கிறேன். அவளிடம் சொல்லாதே. திங்கட்கிழமை காலையில் புறப்படுகிறேன்.

உன் லயனல்

ஆல்டர்பி மாளிகை,
19 பிப்ரவரி

வெள்ளைக் கோல் ஏந்தும் ஆல்டர்பி பிரபு அவர்களுக்கு,

நீங்கள் புறப்படுமுன் சேர வேண்டுமென்று இதை ஆள் வசம் அனுப்புகிறேன்.

லெட்டிஸ் பன்னிரண்டாம் தேதியே இறந்துவிட்டாள். என் சென்ற கடிதத்தை அவள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் நீங்கள் கறுப்பு உடுத்த வேண்டியிருக்கும், கோல் வெக்ஸ்கமுக்குப் போயிருக்கும். அத்தனை வருடம் நீங்கள் கேட்டது அதுதானே? கொடுத்துவிட்டேன். இனி உங்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசியில் அவள் சட்டை புண்ணில் ஒட்டிக்கொண்டது. வெந்நீரில் நனைத்து நனைத்து நான்தான் உரித்தேன். "ராஜா இன்னும் சட்டை போட்டு முடிக்கலையாம்மா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

கல்லறைக் கல்லுக்காகக் கல்தச்சர் வந்தார். "அப்பாவோட பட்டம் பதவியெல்லாம் வரிசையா வெட்டிடட்டுங்களாம்மா?" என்றார். கல் சின்னது என்று சொல்லிவிட்டேன்.

பொம்மையை வெக்ஸ்கம் பிரபுவின் மகளுக்குக் கொடுங்கள். அம்மை கண்ட வீட்டில் கால் வைத்தவர் அரண்மனைக்குள் வரக் கூடாது என்று எழுதினீர்கள். நானும் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். அரண்மனையில் இருந்தவர் இந்த வீட்டில் கால் வைக்க வேண்டாம். ஆறு வாரக் கணக்கெல்லாம் இங்கே கிடையாது.

ஹெஸ்டர்