ஏற்றி வைத்த மெமரி

இன்று காலை உன் தங்கை உன் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தூக்கிவந்து என் கடை மேசையில் வைத்தாள். பக்கத் தகட்டைக் கழற்றியதும் சூடேறிய தூசியும் பூஞ்சையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. கழக்கூட்டம் என்ற ஊரில் நாம் சேர்ந்திருந்த அறையின் வாசனை. செத்த பிறகும் நீ குளிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உன்னைப் பற்றி எனக்கு இப்படித்தான் நினைக்க வரும்.

"அண்ணன் ஆடின கேம்தான் நானும் ஆடுறேன். சண்டை வந்தா மட்டும் தேங்கித் தேங்கி நிக்குது. கிராபிக்ஸ் கார்டு பழசாயிட்டுன்னு அண்ணன் சொல்லும்" என்றாள்.

கார்டுக்கு ஒன்றுமில்லை. அது எனக்கு அன்றே தெரியும்.

நீ போனக்காட்டு மலையில் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வந்தவன். நான் நகரத்தில் கோட்டைக்குள் சொந்த வீடு இருந்தும் அப்பாவோடு முறைத்துக்கொண்டு வந்தவன். இருவருக்கும் ஒரே ஆபீஸ், ஒரே கேம் பைத்தியம். பெங்களூர் கேமிங் அணி ஒன்று இங்கிருந்து ஒருவனை எடுக்கப்போவதாகச் சொன்னது. மாதச் சம்பளம், தங்க இடம். தேர்வாட்டத்தை அவரவர் கம்ப்யூட்டரிலேயே ஆடவேண்டும். ஆட்டத்தில் நீதான் கெட்டிக்காரன். நல்ல கார்டு என்னிடம் இருந்தது. உன்னுடையது யாரோ தேய்த்து விற்ற கார்டு.

"எடா, நீதான் இதெல்லாம் அறிஞ்சவன். என் கார்டையும் கொஞ்சம் ஏத்திக் குடு" என்று கேட்டாய்.

கார்டின் மூளையான 'கோர்', அதன் வேகத்தை அறுபது மெகாஹெர்ட்ஸ் ஏற்றினேன். நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் ஃபிரேம் எண் கண் முன்னால் உயர்ந்தது. நீ துள்ளிக் குதித்து, எனக்குப் பொரோட்டா வாங்கிவர ஓடினாய். நீ படி இறங்கியதும் கார்டின் மெமரி வேகத்தையும் ஆயிரம் ஏற்றினேன். கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் தானே ஏறும்படியும் வைத்தேன்.

கோரின் வேகத்தை அளவு மீறி ஏற்றினால் ஆட்டம் பாதியில் மூடி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். மெமரியை மீறி ஏற்றினால் விழாது. உள்ளே பிழை வரும், கார்டு அதைக் கண்டுபிடித்து அதே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பும், அதிலேயே நேரம் போகும். திரையில் வேக எண் மட்டும் பெரிதாக இருக்கும். உனக்கு எண் பெரிதாக இருந்தால் போதும்.

தேர்வாட்டத்தில் மூன்று முறை சுடப்பட்டாய், மூன்று முறையும் திரை நின்ற அந்த அரை நொடியில். நான் தேர்வானேன்.

"மெமரி கூடிப்போச்சோடா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாய்.

"விழுந்துச்சா?"

"இல்ல."

"பின்ன என்ன குழப்பம்? உனக்கு விரல் போதாது. போய்க் கொழுந்து கிள்ளு."

நீ சிரித்தாய். என் பெட்டியை பஸ் வரைக்கும் சுமந்தும் வந்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். ஒரு அறை விட்டிருக்கலாம் நீ.

நான்கே மாதத்தில் பெங்களூர்க்காரர்கள் என்னைத் துரத்திவிட்டார்கள். திரும்பி வந்து இந்த ரிப்பேர் கடையைப் போட்டேன். போன மழையில் எலிக்காய்ச்சல் உன்னை மூன்றே நாளில் கொண்டுபோனது. ரோடு மோசம் என்று சொல்லி நான் மலையேறி வரவில்லை.

இன்று செட்டிங்கைத் திறந்தேன். மெமரி, ஆயிரம். நான் வைத்த இடத்திலேயே இருந்தது. கேபினெட்டின் மேல் வெள்ளை டேப்பில் உன் கோணல் எழுத்து: 'செட்டிங் தொடாதே.' கீழே என் பெயர்.

"அண்ணன் யாரையும் தொட விடாது. நீங்க வச்சதாம். உங்கள விட இத அறிஞ்ச ஆள் இல்லன்னு சொல்லும்" என்றாள் உன் தங்கை.

மெமரியில் ஏற்றியதைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். கோரின் அறுபதை அப்படியே விட்டுவிட்டேன். உனக்கு நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். அவள் ஆடிப் பார்த்தாள். எங்கும் நிற்கவில்லை.

"இவ்வளவுதானா? அண்ணன் இருந்தப்பவே ஒருக்கா பாத்திருக்கலாமே."

"கொண்டுவந்திருந்தா பாத்திருப்பேனே, மோளே. அவன் கொண்டுவரலியே" என்றேன். பழியை மறுபடியும் உன் தலையிலேயே வைத்தேன்.

டேப்பை உரிக்க நகத்தை வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும் அண்ணா. இனி நானும் யாரையும் தொட விடமாட்டேன்."