விமானத்துக்குள் விழுந்த பெக்கன் பருப்பு

மிசௌரி,
டிசம்பர் 12

அன்புள்ள லீனட்,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நாய்க்கு மட்டும் காதில் சொறி. நீயும் மாப்பிள்ளையும் கலிபோர்னியா வெயிலில் சுகமாக இருப்பீர்கள், இங்கே குழாய்த் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன், உன் அம்மா பறந்துவிட்டாள். இத்தனை வருஷமாக நான் துடைத்து, ஒட்டுப் போட்டு, பூச்சு பூசிப் பார்த்துக்கொண்ட அதே குண்டுவீச்சு விமானத்தில்தான். ரேடாருக்கே தெரியாத அந்தக் கறுப்பியில், வலது இருக்கையில் உட்கார்ந்து. ஓய்வு பெறுவதற்குள் ஒரு தடவை ஏறிப் பாருங்க என்று தளபதியே சொல்லிவிட்டார். ஓட்டியவன் கேப்டன் ஹோல்கம், உன் வயசுப் பையன். விமானம் சீஃபான எனக்கும் என் மெக்கானிக் ஆட்களுக்கும் சொந்தம், விமானிகள் இரவல் வாங்கிப் போகிறவர்கள் என்பது எங்கள் வழக்கம், அதனால் அவன் இறங்கும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு ரொட்டித் துணுக்கு கிடந்தாலும், இது என்ன உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையா என்று திட்டுவேன். நடுவானில் எரிபொருள் விமானம் எங்கள் தலைக்கு மேல் கூடவே பறந்து குழாய் வழியே எரிபொருள் ஊற்றியது, நான் சந்தோஷத்தில் அழுதேன். அந்தச் சந்தோஷத்தில் அப்பா பையில் போட்டுவிட்ட சர்க்கரை பூசிய பெக்கன் கொட்டைப் பருப்பில் ஒன்று கைநழுவி இருக்கைக்கு அடியில் போய்விட்டது.

உள்ளே ஒரு பொருள் தொலைந்தால் கிடைக்கும்வரை விமானம் நகரக் கூடாது. புத்தாண்டு அன்று உங்கள் ஊர் ஊர்வலத்துக்கு மேல் பறக்க இந்த விமானத்தைத்தான் பட்டியலில் எழுதியிருந்தார்கள். உனக்கு என் வேலையை ஒரு நாளும் காட்ட முடிந்ததில்லை, இதற்காக நான் யார் யாரிடமோ கெஞ்சியிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் அகப்படாவிட்டால் வேறு விமானத்தை எழுதிவிடுவோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். என் ஆட்கள் முனகிக்கொண்டே இருக்கையைக் கழற்றினார்கள். ஹோல்கம் வீட்டுக்குப் போகவில்லை, அவனே டார்ச்சோடு குப்புறப் படுத்துத் தேடினான். கடைசியில் பருப்போடு கையை நீட்டி, சீஃப், இது என்ன உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையா என்றான். விமானக் கொட்டகையே சிரித்தது. நான் அவனைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டேன், பாவம், காது வரைக்கும் சிவந்துவிட்டான். அந்தப் பருப்பை ஒரு புட்டியில் போட்டு என் மேஜையில் வைத்திருக்கிறார்கள், போகிறவன் வருகிறவன் எல்லாம் அதனிடம் நலம் விசாரிக்கிறான்.

ஒழுங்காகச் சாப்பிடு, காபியைக் குறை, மாப்பிள்ளையிடம் அந்தப் பழைய டயரை மாற்றச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். புத்தாண்டுக் காலையில் மறக்காமல் வாசலுக்கு வந்து நில், சத்தம் கேட்கட்டும் என்று காத்திருக்காதே, சத்தம் வரும்போது விமானம் உன்னைத் தாண்டியிருக்கும். முன்சக்கரக் கதவின் உட்பக்கம் என் பெயர் எழுதியிருக்கிறது, சக்கரம் மடங்கியதும் அது உள்ளே போய்விடும், உனக்குத் தெரியாது. ஆனாலும் கையாட்டு.

உன் அம்மா,
ரோண்டா