லோம்வியனின் எடை

14 நவம்பர் 1962
மழை. சைக்கிள் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. விரலெல்லாம் கிரீஸோடு கப்பல் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். தலைமை வடிவமைப்பாளர் க்ராகலுன் பார்த்துவிட்டு, "அந்தக் கையோட என் வரைபடத்தைத் தொட்டுடாதீங்க" என்றார்.

நாங்கள் கட்டும் கடற்படைக் கப்பல் லோம்வியனின் எடைப் பட்டியலில் 4,312ஆவது வரிக்கு வந்துவிட்டேன். கப்பலில் ஏறும் ஒவ்வொரு பொருளும் எத்தனை கிலோ, அடித்தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று எழுதி வருகிறேன். நங்கூரத்திலிருந்து கதவுப் பிடி வரைக்கும், பெயின்ட் உட்பட. நாற்பத்திரண்டு வயதாகிறது, இதைவிடப் பிடித்த வேலை எனக்கு இன்னும் தெரியவரவில்லை.

சாயங்காலம் தம்பி வெர்னர் வந்தான். கடற்படையில் சமையல்காரன். அவனை லோம்வியனுக்கே போட்டுவிட்டார்களாம்! கிரீன்லாந்துக் கடலில் மீன்பிடிக் காவல், மீட்பு வேலை.
"அக்கா, அடுப்பைக் கொஞ்சம் பெருசா வரைஞ்சுடேன்."
"அடுப்பு வரையறது என் வேலை இல்லடா."
"அப்ப உன்னால எனக்கு என்னதான் லாபம்?"

3 டிசம்பர்
லோம்வியனுக்குக் கேப்டனாக வரப்போகிற கமாண்டர் தோருப் வரைபடம் பார்க்க வந்தார். பனிக்கட்டி மோதினால் தாங்க முன்பக்கத் தகடுகளைத் தடிமனாக்கியிருப்பது பிடித்திருந்தது. அதைவிடப் பிடித்தது, புகைபோக்கிக்குப் பின்னால் உயரத்தில் உட்காரப்போகிற இரண்டாவது பீரங்கி. "போர்க்கப்பல்னா முன்னாடியும் கடிக்கணும், பின்னாடியும் கடிக்கணும்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும்.

8 ஜனவரி 1963, செவ்வாய்
எடைப் பட்டியலில் ஒரு தாள் இன்னொன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கோந்து. மேல்தளத்து உயிர்காப்புப் படகுகள், அவற்றை இறக்கும் இரும்புக் கைகள், இழுவை எந்திரம்... ஒன்றுமே கூட்டலில் வரவில்லை. பதினொரு டன். அத்தனையும் உச்சியில்.

மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். பதினொன்றுதான்.

9 ஜனவரி
சொல்லவில்லை.

10 ஜனவரி
இன்றும் சொல்லல. கப்பல் மிதந்த பிறகு, எடை சரியா இருக்கான்னு சாய்த்துப் பார்க்கும் சோதனை வரைக்கும் யாருக்கும் தெரியப்போறதில்ல. அதுக்குள்ள நான் வேற வேலைக்குப் போயிடலாம் — என்ன எழுதுறேன் நான்? மேலே அவ்வளவு எடை, அதுமேல பனி வேற உறையும். ஒரு பெரிய அலை வந்து சாய்ச்சா நிமிரவே நிமிராது. உள்ள எழுபது பேரு. அதுல ஒருத்தன் வெர்னர். அவன் இல்லன்னா மட்டும் வாயை மூடிட்டு இருப்பியா ராக்னா?

11 ஜனவரி
சொல்லிவிட்டேன். க்ராகலுன் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.
"எப்பத் தெரியும்?"
"செவ்வாய்க்கிழமை."
"இன்னைக்கு வெள்ளி."
"ஆமா."
"நானும் சின்ன வயசுல ஒண்ணு விட்டேன். ஒரு வாரம் வாயைத் திறக்கல. நீங்க பரவாயில்ல. சரி, உக்காருங்க. எதை இறக்கலாம்னு பார்ப்போம்."
மூன்று மணி நேரம் பார்த்தோம். இறக்குவதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

22 ஜனவரி
கூட்டம். தோருப்புக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஒரு அம்மா தாளைத் தவற விட்டதுக்கு என் பீரங்கியைப் பிடுங்குவீங்களா?"
என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்: "தவற விட்டது நான்தான். ஆனா நான் எழுதினாலும் எழுதாட்டியும் அந்த எடை அங்கதான் இருக்கும்."
பீரங்கி போனது.

வீட்டுக்கு வந்து கறுப்பு ரொட்டியும் ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீனும் நாலு துண்டு சாப்பிட்டேன். இரண்டு வாரத்தில் முதல் பசி.

4 மே
லோம்வியனை நீரில் இறக்கினார்கள். கூட்டத்தில் தொப்பியைத் தொலைத்தேன். கவலையே இல்லை.

17 செப்டம்பர்
சாய்த்துப் பார்த்தார்கள். எடை மையத்தின் உயரத்தில் என் கணக்குக்கும் கப்பலுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர்தான். அதுவும் கீழே, நல்ல பக்கம். க்ராகலுன் எல்லாருக்கும் கேக் வாங்கினார்.

20 பிப்ரவரி 1964
வெர்னர் கடிதம். படித்தபடி அடுப்பங்கரையில் நின்றுவிட்டேன்; காப்பி பொங்கி வழிந்தது.

"அக்கா, காலைல கஞ்சி கிண்டிட்டிருக்கேன், கப்பல் அப்படியே சாஞ்சிடுச்சு. நான் நின்னது தரையில இல்ல, அலமாரிக் கதவு மேல. அதுக்கு முன்னாடி ஆறு மணி நேரமா ஆளுங்க மரச் சுத்தியலால பனியை உடைச்சுத் தள்ளிக்கிட்டேதான் இருந்தாங்க. சாஞ்சது அங்கயே நின்னுச்சு. யோசிக்கிற மாதிரி. அப்புறம் மெதுவா நிமிர்ந்துச்சு. ஒருத்தனுக்குக் கை உடைஞ்சுது, அவ்வளவுதான். கஞ்சி மறுபடி வெச்சேன். மத்தியானம் கவிழ இருந்த மீன்படகுலேர்ந்து ஒன்பது பேரை ஏத்திக்கிட்டோம், அவங்களும் அதையேதான் தின்னாங்க. குறை சொன்னாங்க வேற."

உட்கார்ந்து அழுதேன். பிறகு அடுப்பைத் துடைத்தேன்.

15 ஏப்ரல்
தோருப் நேராக என் மேஜைக்கு வந்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.
"மிஸ் ஸ்கௌபி, மேலிடத்துல ஒருத்தர் அந்தப் பீரங்கியைத் திரும்ப ஏத்தணும்னு நிக்கறார். அது எத்தனை டன்?"
"பதினாலு."
"ஏத்தினா என்ன ஆகும்னு எழுதிக் குடுங்க. பெரிய எழுத்துல. அவருக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது."
எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. வாசல் வரை போய்த் திரும்பினார். "அன்னைக்கு நீங்க ரெண்டாம் தடவை சொன்னீங்களே, அது கேட்டுச்சு. மொதல் தடவையே கேட்டுச்சு."

14 ஜூன், ஞாயிறு
மாலுமிகளின் குடும்பங்களை லோம்வியனில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போனார்கள். நல்ல வெயில். சுவீடன் கரை பக்கத்து வீடு போல் தெரிந்தது. புகைபோக்கிக்குப் பின்னால், பீரங்கி வராத இடத்தில், பையன்கள் ஒரு பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார்கள். காற்று படாத, கதகதப்பான இடம். உட்கார்ந்தேன்.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். "நீங்க யார் வீட்டுக்காரங்க?"
"யார் வீட்டுக்காரங்களும் இல்ல. சமையல்காரனுக்கு அக்கா. பட்டறையில கூட்டல் போடுறேன்."
"அப்படியா? இவளைக் கொஞ்சம் பிடிங்க, காப்பி எடுத்துட்டு வந்துடறேன்."

ஏழு கிலோ இருக்கும். மேல்தளத்தில். பட்டியலில் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே வெயிலில் இருந்தேன்.