நம் அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்

என் பாண்டியம்மாவுக்கு,

செந்தில் வந்துவிட்டுப் போய்விட்டான். தனியாக வரவில்லை. சீனாவில் அவனோடு ஒரே வீட்டில் இருக்கிற லின் என்ற பெண்ணையும் கூட்டி வந்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? முதலில் அழுதிருப்பாயா, அடுப்பைப் பற்றவைத்திருப்பாயா?

நான் முகம் கோணினால் மதுரையில் லாட்ஜ் எடுத்துக்கொள்வதாகப் போனிலேயே சொல்லியிருந்தான். நீ போன பிறகு இந்த வீட்டில் இன்னொரு ஆள் இருமிக்கூடக் கேட்டதில்லை. எப்படியாவது அவர்கள் இங்கேயே தங்க வேண்டும். அருப்புக்கோட்டைத் தெருவில் நான் தலை நிமிர்ந்தும் நடக்க வேண்டும். அதனால் அவளுக்கு நம் அறை, எனக்கும் அவனுக்கும் ஹாலில் பாய் என்று ஏற்பாடு செய்தேன். லின் பெட்டியை உள்ளே வைத்தாள்.

மறுநாள் பரளச்சியிலிருந்து என் அக்கா வந்து இறங்கினாள். “யாருடா இவுக?” என்றாள். எனக்கு வாய் முந்திக்கொண்டது. “மருமக” என்றேன்.

அக்கா விடுவாளா? பூ வைத்தாள். நெற்றியில் குங்குமம் இட்டாள். தாலிக்கும் வைக்கலாம் என்று கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். அங்கே ஒன்றும் இல்லை.

“தாலி எங்கடா?”

செந்தில் அதை லின்னுக்கு அவள் மொழியில் சொன்னான். அவள் பதிலை எங்களுக்குத் தமிழில் சொன்னான். “கல்யாணம் பண்ணணுமான்னு அவ இன்னும் முடிவு பண்ணல அத்தை. எம்மேல பிரியமா இருக்காளாம். அது மட்டும் நிச்சயமாம்.”

“நான் ஊருக்குள்ள எப்பிடி மொகத்தக் காட்டுவேன்?” என்று அக்கா காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள். செந்தில் பெட்டியைத் தூக்கினான். “ஒங்களுக்கு எதுக்குப்பா சங்கடம்? கெளம்புறோம்.”

“வையிடா பெட்டிய. ரெண்டு பேரும் அந்த ரூமுலயே இருங்க. நான் ஹாலுல படுத்துக்கிறேன்.”

சொல்லும்போது எனக்குக் காது சுட்டது. பெற்ற மகனிடம் ஒரு தகப்பன் பேசுகிற பேச்சா இது? நாமே கல்யாணமான புதிதில் வீட்டில் ஆள் இருந்தால் பகலில் பேசிக்கொள்ள மாட்டோமே.

அதன் பிறகுதான் லின், செந்தில் வழியாக, மனம்விட்டுப் பேசினாள். அவளுடைய தாத்தாவும் பாட்டியும் ஒருவரை ஒருவர் முதலில் பார்த்ததே கல்யாணத்தன்றுதானாம். அப்பா, அம்மா தெருவில் கை பிடித்து நடந்ததில்லையாம். இவள் தோழிகளில் பலர் கல்யாணமே வேண்டாம் என்கிறார்களாம். ஒருத்திக்குக் காதல்கூட அலுப்பாக இருக்கிறதாம், பூனை போதுமாம்! லின்னின் அம்மாவோ மகளின் வயது, உயரம், வேலையைத் தாளில் எழுதி, பெற்றவர்கள் வரன் தேடிக் கூடுகிற பூங்காவில் குடைமேல் ஒட்டிவைத்து மாப்பிள்ளை தேடுகிறாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செந்திலுக்குத் தெரியாமல் அவன் ஜாதகத்தை விருதுநகர்த் தரகரிடம் கொடுத்தவன்தானே நான்?

அந்த அம்மாவும் கணவரை இழந்தவர்தான். அவர் ஊரில் தனித்துப்போன வயதானவர்கள் சிலர் கல்யாணம் செய்யாமலேயே துணைக்குத் துணையாகச் சேர்ந்து இருக்கிறார்களாம். “நீயும் பாரும்மா” என்று லின்னே சொல்லியிருக்கிறாள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று மறுத்துவிட்டாராம்.

பிள்ளைகள் போன பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை. அறை காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நான் ஹாலிலேயே படுக்கிறேன். உள்ளே போனால் வீடு இன்னும் பெரிதாகத் தெரிகிறது, பாண்டியம்மா. நீ இல்லாமல் முடியவில்லை.

போன ஞாயிறு லின்னின் அம்மா, மகளிடம் என் நம்பரை வாங்கி வீடியோவில் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. அவர் தன் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். நான் என் தட்டைக் காட்டினேன். போனைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டு முடித்தோம். நீ கோபித்துக்கொள்ளாதே. எதிரில் ஒரு ஆள் இருக்க நான் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று!

அடுத்த முறை அவரையும் கூட்டி வரச் சொல்லப்போகிறேன். அக்கா வந்தாலும் வராவிட்டாலும், நம் பிள்ளைகளை லாட்ஜுக்கு அனுப்ப மாட்டேன். இது உனக்குச் செய்து தருகிற சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
செந்திலின் அப்பா