காலியாக வந்த முறுக்கு டின்

கிள்ளான், மலேசியா

அன்பு மகள் தாமரைக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன் என்று முதலில் எழுதுவது முறை, எழுதிவிட்டேன். முட்டிவலி அதுபாட்டுக்கு இருக்கிறது. அந்தக் கிளாஸ்கோ குளிரில் நீ நன்றாக இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் மீட்டிங் இருக்கும்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கம்பெனி போட்ட பிளான்படி நம் தெருவில் எல்லா வேலையும் முடிந்துவிட்டது. பழைய மரச் சன்னல், ஓடு, அஞ்சடி நடைபாதைத் தூண் எல்லாவற்றையும் நீ சொன்ன மாதிரியே திருத்திவிட்டார்கள், கண் பட்டுவிடும், அவ்வளவு அழகு. இடிக்க இருந்த வீட்டு வரிசையை என் மகள்தான் காப்பாற்றினாள் என்று பாசாரில் மீன்காரன் வரைக்கும் பெருமை அடித்தேன். ஆனால் அழகு வந்ததும் வாடகை ஏறிவிட்டது. தையல்கடை உஷாராணி பெட்டாலிங் ஜெயாவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் அக்கா வாடகை குறைவு என்று பந்திங் ஊருக்குப் போய்விட்டார். லோரியில் சாமான் ஏற்றும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம் மக வீட்டையெல்லாம் காப்பாத்திட்டா லா, எங்களத்தான் மறந்துட்டா" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, என் பிள்ளையைச் சொல்ல நீங்கள் யார் என்று சண்டைக்குப் போனேன். லோரி போன பிறகு சோறு இறங்கவில்லை.

எனக்கு மட்டும் வாடகை ஏறவில்லை. வீட்டுக்காரர் இராமலிங்கம், "ஆன்டி, நீங்க டிசைனரோட அம்மா, சும்மா வாசல்ல பூ கட்டிக்கிட்டு உக்காருங்க, டூரிஸ்ட்டுக்குப் பிடிக்கும்" என்கிறார். நான் என்றைக்கடி பூ கட்டினேன்? காலமெல்லாம் ஆஸ்பத்திரித் துணி துவைத்தவள். சாப்பிடும்போதுகூடச் சன்னல் வழியாகப் படம் பிடிக்கிறார்கள்.

தீபாவளிக்குக் கைப்பழக்கத்தில் தெரு முழுக்கப் போதும்படி முறுக்கு சுட்டுவிட்டேன், பைத்தியக்காரி. கொடுக்க ஆள் இல்லை. உஷாராணி கடை இப்போது காப்பிக் கடை, அங்கே நிற்கிற பெண்ணிடம் ஒரு டின் கொடுத்தேன். மறுநாள் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, "தேங்க் யூ ஆன்டி" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தாள். மூடியைத் திறந்தால் ஒன்றும் இல்லை. நம் வரிசையில் என்றைக்காவது பாத்திரம் வெறுமையாகத் திரும்பியிருக்கிறதா? இல்லாதப்பட்ட வீட்டிலிருந்தும் ஒரு பிடி சீனியாவது வரும். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆனால் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன் தாமரை. அப்பா போனபோதுகூட இப்படித் தனியாக இல்லை, அப்போது தெரு இருந்தது.

அன்றைக்கே பவுனம்மாள் அக்காவுக்குப் போன் பண்ணினேன், சண்டை போட்டோமே, எடுப்பாரா என்று பயம். "இதுக்குப் போயி அழுவுறியா, ரூம் சும்மாதான் கெடக்கு, வா லா" என்று திட்டினார். மாதக் கடைசியில் போகிறேன். வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று, அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அப்பா படத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். உன்மேல் வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய், கொஞ்சம் இருக்கிறது. உன்னைப் பார்க்காத ஏக்கம் அதைவிடப் பெரிது. இனி எந்த ஊரில் தெருவைத் திருத்தப் போனாலும், சுவரை அளக்கும் முன்னால் கதவைத் தட்டி, வேலை முடிந்த பிறகும் நீங்கள் இங்கே இருக்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. மாரியம்மாள் உனக்குத் துணை நிற்கட்டும், நூறு வயசு நன்றாக இரு. தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னாய், மறந்துவிடாதே. வந்தால் நேரே பந்திங்குக்கு வா. கிள்ளானில் இறங்கி உன் தெருவைப் பார்க்க நிற்காதே, அங்கே உனக்குக் கதவு திறக்க யாரும் இல்லை.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா சீதாலெட்சுமி