வெள்ளிக்கிழமை மாத்திரை

ஆடி, வெள்ளிக்கிழமை. இரவு.

அம்மாவின் அட்டையில் மாத்திரைகள் அதிகமாக மிச்சம் இருந்தன. ஏன் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா ஒருபொழுது இருக்கிறாள், காலையில் சாப்பிடுவதில்லை. வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், அன்றைக்கு மாத்திரையையும் விட்டுவிடுகிறாள்.

“ரத்தமெல்லாம் சரியாயிருச்சுன்னு டாக்டரே சொன்னாங்கல்ல கண்ணு? ஒரு நாள் உட்டா என்ன?”

நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். அம்மாவின் இரத்தப் புற்றுநோயில் கைனேஸ் என்ற நொதி ஓய்வில்லாமல் செல்களைப் பெருகச் சொல்கிறது. அந்த நொதியைத் தடுப்பதற்கென்றே செய்த மருந்து இது. தடுக்கும், அழிக்காது. மருந்து குறைந்தால் நொதி மறுபடி தொடங்கும். அது உருமாறிவிட்டால் இந்த மாத்திரை கேட்காமலே போகலாம்.

“ஏன் அம்மணி, உன்ற கைனேசு ஒரு நாளைக்கு ஒருபொழுது இருக்காதா?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ராத்திரி சாப்புடுறீங்கல்ல, அப்பப் போடுங்கம்மா.”

அம்மா அதை யோசித்ததே இல்லை போலிருக்கிறது. விளக்கு வைத்ததும் சாப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, “டாக்டர்கிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, வைவாங்க” என்றாள்.

வரும் புதன்கிழமை பீளமேடு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை. எத்தனை வெள்ளிக்கிழமைகள் விட்டாள் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை. ஆனால் டாக்டரிடம் சொல்லத்தான் போகிறேன். திரும்பும்போது சோமனூர் வரைக்கும் அம்மா பஸ்ஸில் என்னோடு பேசாமல் வருவாள். வரட்டும்.