கூடைப்பூதத்துக்குப் போன நடை

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் புதுக்கடைச் சந்திப்பில் உள்ள பைக்கடைக்குள் நுழைந்தால் ரெக்சின் வாசனை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மேலே தொங்கிய பைகளைக் கடைக்காரர் கம்பால் ஒவ்வொன்றாக இறக்கினார். எல்லாவற்றிலும் நம் கார்ட்டூன் யானைப் பையன்தான். அவனுக்குப் பின்னால், வானம் கறுத்துக் கிடக்கிற இடத்தில், தலையில் கூடையோடு அவள். இடது கை வெளியே வீசியிருக்கிறது, வலது குதிகால் இன்னும் தரையில் படவில்லை. என் மகள் அந்தப் பக்கமே பார்க்காமல், "இது வேண்டாம்மா, கூடைப்பூதம் நிக்குது" என்றாள். நிலாப் படம் போட்ட வேறு ஒரு பையை வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாசனை கையை விட்டுப் போகவில்லை. நீ போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் இங்கே நடக்கிறதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? மற்றவர்களுக்கு அது பைமேல் இருக்கிற ஒரு பூதம், அவ்வளவுதான்.

இரணியல் ஸ்டேஷனில் உன்னை முதலில் பார்த்த காலை நினைவிருக்கிறது. கடற்கரையிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி, ஈரத்தலையோடு ஓடிவந்து பெட்டியில் ஏறினாய். எதிரே இருந்த பெண் சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனதும், "ஆமாக்கா, கடப்புறத்துக்காரிதான். மணக்குதா?" என்று சிரித்தாய். திருவனந்தபுரத்தில் நீ வேலை பார்க்கிற அதே கார்ட்டூன் ஸ்டுடியோவுக்குத்தான் நானும் போகிறேன் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. நீ அசைவு வரைகிறவள். வேகவேகமாகக் கிறுக்கித் தள்ளுவாய். கீழே விளக்கெரிகிற மேசையில் அந்தக் கிறுக்கலின்மேல் வெள்ளைத்தாளை வைத்து, ஒற்றைக் கோடாகச் சுத்தமாக இழுப்பது என் வேலை. உன் குப்பையைக் கூட்டுகிறவள் என்று என்னை அறிமுகப்படுத்துவாய். பதிலுக்கு நான் என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது.

உன் கதையை முழுதாக நான் கேட்டது ரயிலில்தான். மீன் விற்கப் போகிற ஒரு பெண், கடலை விட்டு வெகுதூரம் வந்த பிறகு, தலைமேலிருக்கும் கடவத்தில் ஒரு மீனுக்கு மட்டும் இன்னும் உயிர் இருப்பதை உணர்கிறாள். கடவம் என்றால் உங்கள் பக்கத்து ஓலைக்கூடை. என்னைத் திரும்பக் கொண்டுவிடு என்கிறது மீன். அவள் திரும்பி நடக்கிறாள். வெயில் சாய்ந்துகொண்டே வருகிறது. கதை அவ்வளவுதான்.

"படம் முழுக்க நடையா?" என்று கேட்டேன்.

"பின்ன? எனக்க அம்மை நாள் முழுக்க வேற என்ன செய்யுதா?" என்றாய்.

அந்த நடைக்காக நீ பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மீன் விற்கிற உன் அம்மா கடவத்தைத் தூக்க, நீ பின்னாலேயே போவாய். "எதுக்குட்டி எனக்க பொறத்தால நாய்க்குட்டி மாதிரி வாற?" என்று அவள் ஏசுவாளாம். பாதி நடை, பாதி ஓட்டம். தார்ரோடு சுடும், மீன் கெட்டுவிடும், அதனால் அந்த அவசரம். தலை மட்டும் அசையாது. இடது கை துடுப்புப் போடுவது போல வெளியே வீசிவரும். வலது குதிகால் தரையில் பட்டும் படாமலும் போகும். இரண்டு அடியைச் சரியாக வரைந்துவிட்டால் அதையே சுற்றிச் சுற்றி ஓடவிட்டு எவ்வளவு தூரமும் நடக்கவைக்கலாம் என்பது நம் தொழில். அந்த இரண்டு அடிக்கு நீ எடுத்துக்கொண்ட நாளில் மற்றவர்கள் ஒரு சண்டைக்காட்சியையே முடித்துவிட்டார்கள்.

ஒருநாள் அம்மாவை ஸ்டுடியோவுக்கே கூட்டிவந்தாய். பென்சில் கோடுகளில் தானே நடந்துபோவதைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் இவ்வளவு வடிவாவா நடக்கேன் மக்களே?" என்று என்னிடம் கேட்டாள், உன்னிடம் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பி, தன்னை வைத்து மகள் படமெடுக்கிறாள் என்று வீடுவீடாகச் சொல்லிக்கொண்டே மீன் விற்றாள். பள்ளியாடிப் பக்கம் வரை அந்தச் செய்தி போயிருந்தது.

அப்போது நம் ஸ்டுடியோவில் மூன்று சொந்தப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு காக்காயின் கதை, ஒரு மழையின் கதை, உன்னுடைய கதை. ஸ்டுடியோவை நடத்துகிற சாரின் அறைக்கு வெளியே வெள்ளைப் பலகையில் மூன்றின் பெயரும் இருந்தன. இதற்கிடையில் யானைமேல் வருகிற பையனை வைத்து நாம் முன்னே செய்து கொடுத்த படம் டிவியில் எக்கச்சக்கமாக ஓடிவிட்டது. பணம் போடுகிற டிவிக்காரர்களைப் பார்க்க சார் மும்பைக்குப் போய்வந்தார். காக்கா அழிந்தது. மறுபடி போய்வந்தார். மழையும் அழிந்தது. சாப்பாட்டு வேளையில் அந்த இரண்டு படத்துக்காரர்களும் தனியாகப் போய் உட்கார்ந்தார்கள். பலகைக்குக் கீழே துடைத்த துணி கறுப்பாகக் கிடந்தது.

"அழிச்சவன் துணியக் கழுவல, பாத்தியா? இன்னும் வேலை பாக்கி கெடக்கு," என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

உன் முறை வந்தபோது சார் நம் மேசைக்கே வந்தார். சென்னைக்காரர், கெட்டவர் இல்லை. "கதை ரொம்ப நல்லாருக்குன்னாங்கம்மா. அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்ச முகமா கொண்டுவாங்க, ஜனங்களுக்குப் புதுசுன்னா பயம்ங்கிறாங்க. யானைப் பையன் ரெண்டு பண்றோம்." பலகையில் அதற்குப் பிறகு பெயர்களே வரவில்லை. இரண்டு என்று எழுதி வட்டம் போட்டார்கள். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே மூன்று.

அதோடு விட்டிருந்தால் அழுது தீர்த்திருப்போம். உழைப்பு வீணாகக் கூடாது என்று கைவிட்ட படங்களுக்கு வரைந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் எல்லாரும் எடுக்கிற பொது இடத்தில் போட்டுவைத்தார்கள். காக்காயின் சிறகு யானைப் பையனைத் துரத்துகிற கழுகுக்குப் போயிற்று. அந்த மழை ஏதோ ஒரு புயலுக்குப் போயிற்று. பிறகு கதை எழுதுகிறவர்களில் ஒருவர் உன் நடையைத் திறந்து பார்த்தார். "செம நடை. இதுக்கு ஒரு ஆளைப் போட்டா போதும்." ஆளைப் போட்டார்கள். பிள்ளைகளைத் திருடிக் கூடையில் போட்டுக்கொண்டு போகிற பூதம். தலைமேல் எதையாவது வைத்தால்தான் அந்த நடை பொருந்துகிறது என்பதற்காகவே கூடை வந்தது. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நீ வேலையை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். "நான் போனா வேற எவனாவது அம்மைய நொண்ட வச்சிருவான்," என்று சொல்லிவிட்டு நீயே உட்கார்ந்து பூதத்தை வரைந்தாய். கோரைப்பல்லும் சடையும் யார் யாரோ போட்டார்கள். கழுத்துக்குக் கீழே எல்லாம் நீதான். அந்தக் கோடுகளைச் சுத்தம் செய்தவள் நான்.

இரண்டாம் பாகம் டிவியில் வந்ததும் உன் அம்மா முதலில் சிரிக்கத்தான் செய்தாள். "பேயானா என்ன, நான்தானே" என்று தெருவில் பிள்ளைகளுக்கு நடந்தே காட்டினாளாம். மூன்றாம் பாகம் வந்தபோது பிள்ளைகள் பின்னாலேயே வந்து கூடைப்பூதம் என்று கூவத் தொடங்கினார்கள். சோறு இறங்காத குழந்தைகளுக்கு அவள் வருகிற நேரம் பார்த்து, அவளைக் காட்டி ஊட்டினார்கள். பல வருஷமாக மீன் கொடுக்கிற ஒரு வீட்டில் சின்னப் பையன் இவள் படியேறுவதைப் பார்த்து வீறிட்டதில் அவனுக்குக் கொஞ்ச நேரம் மூச்சே அடைத்துவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க, இனிம ரோட்டுலயே நின்னு சத்தம் குடுங்க, நான் வாறேன்" என்றாளாம் அந்த வீட்டுக்காரி. ரயிலில் இதைச் சொல்லும்போது நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நடையை மாற்றப் பார்த்தாயே, அந்த மாதம் எனக்கு மறக்காது. பூதத்தைக் கூன் போடவைத்தாய், தவழவைத்தாய், கம்பு ஊன்றவைத்தாய். மும்பையிலிருந்து பதில் வந்தது. எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், நடையைத் தொடாதீர்கள், பிள்ளைகள் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். அன்று சாயங்காலம் ரயில் பாறசாலை தாண்டும்போது சொன்னாய்: "நான் அம்மைய வரைஞ்சது அவள வச்சுக்கிடதுக்குட்டி. இப்ப அது அவளயே தின்னுது."

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் விரலால் போர்வையில் எதையோ வரைந்துகொண்டேயிருந்தாய். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உன் பெட்டிக்குப் பின்னால் அம்மா நடந்து வந்தபோது கூட்டத்தில் இருந்த ஒரு குழந்தை தன் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. அதை அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன்.

நீ இல்லாமலே நாலாம் பாகம் வந்தது, ஐந்தும் வந்தது. போன மாதம் சார் என்னைக் கூப்பிட்டார். யானைப் பையன் அலுத்துவிட்டானாம். பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்ததில் எல்லாரும் கூடைப்பூதத்தைச் சொன்னார்களாம். அவளுக்குத் தனிப் படம்.

"அப்போ புதுப் படமா சார்?" என்றேன்.

"அப்படிச் சொல்லிடாதீங்க, பயந்துடுவாங்க. அதே குடும்பம்தான்." கொஞ்சம் தயங்கினார். "இனிமே அவ நடந்தா மட்டும் போதாது. உட்காரணும், சாப்பிடணும், அழணும். அந்த நடைக்கு ஒரு அம்மா இருந்தாங்களே, இன்னும் இருக்காங்களா? போன்ல எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்களேன்."

முடியாது என்று சாரிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். என்ன இருந்தாலும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மறுக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவ எடுக்கணும்னு கெடந்த படமாக்கும். எடு மக்களே." நான் போனைக் கையில் எடுத்தேன். முற்றத்தில் அவள் நடந்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். சின்னச் சின்ன அடி. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் தரையில். யார் கண்ணிலும் படாமல் போய்விட வேண்டும் என்று பழகிய நடை. இப்போது கடவம் எடுப்பதில்லையாம், சந்தைக்கு ஆட்டோவில் போய் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறாளாம்.

"அம்மா, முன்ன நடப்பியளே, அப்படி," என்றேன்.

கையை விட்டாள், வீசிப் பார்த்தாள், நின்றாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். "எப்படி நடந்தேன்னு எனக்கே ஓர்மை இல்ல மக்களே," என்று சிரித்தாள். "அவ வரைஞ்சது ஒனக்க கையில இருக்குமே, காட்டு."

நீ வரைந்த பென்சில் கோடுகள் ஸ்டுடியோவில் இல்லை. கம்ப்யூட்டர் மாற்றும்போது கைவிட்ட படங்களைத்தான் முதலில் அழித்தார்கள். என் போனில் இருந்தது ஐந்தாம் பாகத்துப் பூதம் மட்டும்தான். அதைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "கை இப்படியா?" என்று கேட்டாள். "குதிய வைக்க மாட்டேனா?" என்று கேட்டாள். மூலையில் கவிழ்த்திருந்த கடவத்தை எடுத்துத் தலையில் வைத்தாள். போனைத் திண்டில் சாய்த்துவைத்து, பூதம் ஒரு அடி வைத்தால் தானும் ஒரு அடி வைத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் நின்றுவிட்டது. அவள் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இடுப்பு வந்தது, கை வந்தது, அந்த அரை ஓட்டமும் வந்தது. என் கண் நிறைந்துவிட்டது.

பிறகு அவள் கழுத்தைத் திருப்பினாள். சில அடிக்கு ஒருமுறை, மெதுவாக, தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தாள். நாலாம் பாகத்தில், பிள்ளைகள் துரத்தி வருகிறார்களா என்று பூதம் பார்ப்பதற்காக யாரோ சேர்த்தது அது. தலையில் கடவம் இருக்கிறவள் அப்படிக் கழுத்தைத் திருப்புவாளா? திரும்ப வேண்டுமானால் உடம்போடு திரும்புவாள்.

அம்மாவுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். நின்றாள். "நான் இப்படித் திரும்பிப் பாப்பேனா மக்களே?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "பாத்திருப்பேன். எனக்க மவ தப்பா வரைவாளா? நான்தான் மறந்துட்டேன்."

இப்போது மறுபடியும் கடவம் தூக்குகிறாள். ரோட்டில் நின்று சத்தம் கொடுக்கச் சொன்ன அந்த வீட்டுத் தெருவிலும் நடக்கிறாள். நேற்று பஸ்ஸிலிருந்து பார்த்தேன், சில அடிக்கு ஒருமுறை திரும்பிக்கொண்டே போகிறாள். சாருக்கு இன்னும் எதையும் அனுப்பவில்லை, அவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதைச் சமாளித்துவிடுவேன். அந்தத் திரும்பல் நீ வரைந்தது இல்லை என்று உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.